இளையோர் வேப்பிங் தடுப்புப் பிரசாரம்: செய்தியைக் கட்டும் முறையும் வரிசையும்

வேப்பிங் (மின் சிகரெட் இழுப்பது) தடுப்புப் பிரசாரத்தைக் கையில் எடுக்கும் புதியவர்கள் பெரும்பாலும் முழக்கத்தில் தொடங்குகிறார்கள். எதுகை மோனையோடு ஒரு வரி, கறுத்துப்போன நுரையீரலின் படம், சிவப்பில் ஒரு குறுக்குக் கோடு. சுவரொட்டி தயாராகிவிடும். ஆசிரியர்களும் பெற்றோரும் பாராட்டுவார்கள். யாருக்காக அது எழுதப்பட்டதோ அந்தப் பதினான்கு வயதுக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்.

முழக்கம் எழுதுவது இந்த வேலையில் பிந்திய படி. முந்தைய படிகளைத் தாண்டிச் செல்பவர்கள் பிறகு அவற்றுக்கே திரும்ப வேண்டியிருக்கும். அதற்குள் அச்சுச் செலவும் ஆர்வமும் கரைந்திருக்கும். ஒரு வகுப்பறை அளவில் செய்தாலும் ஒரு மாநில அளவில் செய்தாலும் வரிசை இதுதான்.

தொடங்கும் முன் வேண்டியவை

இலக்கு வயதில் உள்ள ஏழெட்டுப் பேராவது உங்களோடு மனம் விட்டுப் பேசத் தயாராக இருக்க வேண்டும். அவர்கள் பதினெட்டு வயதுக்கு உட்பட்டவர்கள் என்றால் பெற்றோரின் சம்மதமும் பள்ளி போன்ற அவர்களுடைய நிறுவனத்தின் எழுத்துப்பூர்வ அனுமதியும் வேண்டும். மருத்துவத் தகவலைச் சரிபார்க்க ஒரு மருத்துவரோ பொதுச் சுகாதாரப் பணியாளரோ வேண்டும். விட நினைக்கும் இளையோரை அனுப்பிவைக்க ஓர் ஆலோசகர் அல்லது உதவி எண் வேண்டும்.

உங்கள் நாட்டுச் சட்டத்தையும் படித்துவிடுங்கள். இந்தியா 2019-இல் மின் சிகரெட்டின் உற்பத்தி, விற்பனை, விளம்பரம் எல்லாவற்றையும் தடைசெய்தது. சிங்கப்பூரில் வைத்திருப்பதே குற்றம். பிரிட்டனில் வயது வந்தோருக்கு விற்கலாம். ஆனால் ஒருமுறை பயன்படுத்தி எறியும் வகைகளுக்கு 2025 ஜூன் முதல் தடை. தடை உள்ள இடத்தில் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு: பயன்படுத்துபவர் உதவி கேட்கவே பயப்படுவார். அது பின்வரும் பல படிகளைப் பாதிக்கும்.

1. யாரிடம் பேசுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

“இளைஞர்கள்” என்பது இலக்குக் குழு ஆகாது. வேப்பிங்கைப் பொறுத்தவரை குறைந்தது மூன்று குழுக்கள் இருக்கின்றன. தொட்டதும் இல்லை, தொடும் எண்ணமும் இல்லை என்பவர்கள் முதல் குழு. தொடவில்லை, ஆனால் உறுதியாக மறுக்கவும் இல்லை என்பவர்கள் இரண்டாவது. ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள் மூன்றாவது.

இரண்டாவது குழுவை அடையாளம் காணப் புகையிலை ஆய்வாளர்கள் வெகுகாலமாகச் சில எளிய கேள்விகளைப் பயன்படுத்துகிறார்கள். விரைவில் முயன்று பார்ப்பாயா? அடுத்த ஓராண்டுக்குள்? நெருங்கிய நண்பர் நீட்டினால் வாங்குவாயா? இவற்றில் ஒன்றுக்காவது “நிச்சயமாக மாட்டேன்” என்பதைத் தவிர வேறு பதில் வந்தால், அவர் இன்னும் ஊசலாடுகிறார் என்று பொருள். “அநேகமாக மாட்டேன்” என்பதும் ஊசலாட்டமே.

தடுப்புப் பிரசாரத்தின் உழைப்பில் பெரும்பகுதி இவர்களுக்குப் போக வேண்டும். முதல் குழுவுக்கு உங்கள் செய்தி தேவைப்படவில்லை. மூன்றாவது குழுவுக்குத் தேவைப்படுவது உதவி. அச்சுறுத்தும் சுவரொட்டி அவர்களை ஒதுக்கி வைப்பதோடு நின்றுவிடும். மூவருக்கும் ஒரே செய்தி என்று முயன்றால், கடைசியில் முதல் குழுவைப் பார்த்தே பேசிக்கொண்டிருப்பீர்கள். காரணம், தலையாட்டுகிறவர்கள் அவர்கள்தான்.

வயதையும் குறுக்குங்கள். பன்னிரண்டு வயதுக்கும் பதினேழு வயதுக்கும் இடையே உலகமே மாறிவிடுகிறது. இந்த வழிகாட்டி முழுவதும் ஓர் உதாரணத்தைப் பின்தொடர்வோம்: பதின்மூன்று முதல் பதினைந்து வயது, இன்னும் முயன்று பார்க்கவில்லை, நண்பர் வட்டத்தில் ஒருவராவது பயன்படுத்துகிறார்.

2. எழுதும் முன் கேளுங்கள்

நான்கைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாக உட்கார வையுங்கள். ஆசிரியரும் பெற்றோரும் அந்த அறையில் இருக்கக் கூடாது. பெயரைக் குறித்துக்கொள்ளாதீர்கள். சொல்வது எதுவும் தண்டனைக்குப் போகாது என்ற வாக்குறுதியை நிறுவனத்திடம் முன்பே பெற்று, அதைத் தொடக்கத்திலேயே சொல்லுங்கள். ஒருவர் ஆபத்தில் இருப்பதாகத் தெரிந்தால் மட்டும் யாரிடம் சொல்வீர்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

“நீ பயன்படுத்துகிறாயா?” என்று ஆரம்பித்தால் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். “உன் வயதில் ஒருவர் முதல் முறை இதை வாங்கி இழுக்கிறார் என்றால், அது எங்கே, எப்படி நடக்கும்?” என்று கேளுங்கள். மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போதுதான் தங்களைப் பற்றியும் சொல்வார்கள். இடம், நேரம், உடன் இருந்தவர், நீட்டியபோது சொல்லப்பட்ட வார்த்தைகள்: இவை நான்கும் கிடைக்கும்வரை விடாதீர்கள்.

தொடங்கும் காரணத்தையும் தொடரும் காரணத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். இதைப் பிரிக்காமல் விடுவது மிகவும் பரவலான பிழை. அமெரிக்காவின் தேசிய இளையோர் புகையிலை ஆய்வு 2021-இல் கேட்டபோது, மின் சிகரெட் பயன்படுத்தும் மாணவர்களில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் முதலில் முயன்றதற்கு “நண்பர் பயன்படுத்தினார்” என்பதைக் காரணமாகச் சொன்னார்கள். இப்போது ஏன் தொடர்கிறாய் என்ற கேள்விக்கு முன்னணியில் வந்த பதில் வேறு: பதற்றம், மன அழுத்தம், மனச்சோர்வு, ஏறத்தாழ 43 விழுக்காடு. நட்பில் தொடங்குவது மன அழுத்தத்தில் வேரூன்றுகிறது. தடுக்கும் செய்தி நண்பர் நீட்டும் கணத்தைப் பற்றியது. விட உதவும் செய்தி மன அழுத்தத்தைப் பற்றியது. இரண்டையும் ஒரே சுவரொட்டியில் திணிக்க முடியாது.

கேட்கும்போது திருத்தாதீர்கள். “அது வெறும் நீராவிதானே” என்று ஒருவர் சொன்னால், அங்கேயே பாடம் எடுக்கும் ஆசை எழும். அடக்கிக்கொண்டு அவர் சொன்ன சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். அந்தச் சொற்கள்தான் உங்கள் மூலப்பொருள்.

3. மாற்ற வேண்டிய ஒரு நம்பிக்கையைத் தேர்ந்தெடுங்கள்

கேட்டு முடித்ததும் ஒரு பட்டியல் சேரும். “வெறும் நீராவி.” “நான் வாங்குவதில் நிக்கோட்டின் இல்லை.” “வேண்டும்போது நிறுத்திக்கொள்ளலாம்.” “எல்லோரும் செய்கிறார்கள்.” “மன அழுத்தம் குறையும்.” அத்தனைக்கும் பதில் சொல்லத் தோன்றும். ஒன்றே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். நெரிசலான இடத்தில், சில நொடிகளில் பார்க்கப்படும் செய்தியில் ஒரு கருத்துக்கு மேல் தங்காது.

தேர்ந்தெடுக்க மூன்று கேள்விகள் உதவும். இந்த நம்பிக்கை உள்ளவர்கள், இல்லாதவர்களைவிட முயன்று பார்க்க அதிகம் சாய்கிறார்களா? தவறாக நம்புகிறவர்கள் போதுமான எண்ணிக்கையில் இருக்கிறார்களா? உண்மையான ஒரு செய்தியால் அதை அசைக்க முடியுமா? மூன்றுக்கும் “ஆம்” வரும் நம்பிக்கையே உங்களுடையது.

இரண்டாவது கேள்வியில்தான் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. “உடலுக்குக் கெடுதல்” என்று பொதுவாகக் கேட்டால் ஏறக்குறைய எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள், பயன்படுத்துகிறவர்களும் உட்பட. ஏற்கெனவே ஒப்புக்கொண்டதை மறுபடி சொல்ல எதற்குப் பிரசாரம்?

நம் உதாரணக் குழுவுக்கு “வேண்டும்போது நிறுத்திக்கொள்ளலாம்” என்பதை எடுத்துக்கொள்வோம். ஊசலாடுகிறவர்களிடம் அது வலுவாக இருக்கிறது. நண்பர் நீட்டும் கணத்தில் “ஒரு முறைதானே” என்று கையை நீள வைப்பதும் அதுதான். அசைக்க உண்மைகளும் உண்டு.

4. உண்மைகளைச் சரிபார்த்து, மிகையை வெட்டுங்கள்

இந்தப் படியில் அவசரம் காட்டாதீர்கள். இளையோர் நீங்கள் சொல்வதைத் தேடிப் பார்ப்பார்கள். ஒரு மிகைப்படுத்தல் பிடிபட்டால், மீதி ஒன்பது உண்மைகளும் சேர்ந்து விழும்.

தயக்கமின்றிச் சொல்லக்கூடியவை: மின் சிகரெட்டிலிருந்து வருவது நீராவி அல்ல, திரவம் சூடாகி உருவாகும் நுண்துளிகள். அவற்றில் நிக்கோட்டினோடு ஃபார்மால்டிஹைடு, அக்ரோலின் போன்ற வேதிப்பொருள்களும், சூடேற்றும் கம்பிச்சுருளிலிருந்து வரும் நிக்கல், ஈயம் போன்ற உலோகங்களும் கண்டறியப்பட்டிருக்கின்றன. அளவு கருவிக்குக் கருவி மாறும். மூளை ஏறத்தாழ 25 வயதுவரை வளர்கிறது. அந்தக் காலத்தில் நிக்கோட்டின் கவனம், கற்றல், மனநிலை ஆகியவற்றுக்கான மூளைப் பகுதிகளைப் பாதிக்கக்கூடும். நிக்கோட்டின் உப்பு வகைத் திரவங்களில் அமிலம் சேர்ப்பதால் தொண்டை எரிச்சல் குறைகிறது. அதனால் அதிகச் செறிவையும் இருமாமல் இழுக்க முடிகிறது. ஐரோப்பிய ஒன்றியம் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் நிக்கோட்டின் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறது. அமெரிக்காவில் பரவிய ‘ஜூல்’ கருவியின் திரவத்தில் இருந்தது ஏறத்தாழ 59 மில்லிகிராம். தினமும் பயன்படுத்தாத இளையோரிடமும் அடிமைத்தன அறிகுறிகள் பதிவாகியிருக்கின்றன.

கவனமாகக் கையாள வேண்டியவை வேறு. “சிகரெட்டைவிட மோசம்” என்று எழுதாதீர்கள். எரியும் சிகரெட்டின் புகையில் நச்சுப்பொருள்கள் பொதுவாக அதிகம். அந்த ஒப்பீட்டில் நீங்கள் தோற்பீர்கள். உங்கள் வாசகர் சிகரெட் பிடிப்பவரே இல்லை என்பதால் ஒப்பீடே தேவையில்லை. அவர் ஒப்பிட வேண்டியது சுத்தமான காற்றோடு.

2019-இல் அமெரிக்காவில் பரவிய நுரையீரல் பாதிப்பைப் பலரும் எடுத்துக்காட்டுவார்கள். 2020 பிப்ரவரிவரை 2,807 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோ உயிரிழந்தோ பதிவானார்கள், இறந்தவர்கள் 68. எண்கள் உண்மை. ஆனால் அந்தப் பாதிப்போடு வலுவாகத் தொடர்புபடுத்தப்பட்டது கஞ்சாவின் வேதிப்பொருள் கலந்த திரவங்களில் சேர்க்கப்பட்ட வைட்டமின் ஈ அசிடேட். அதை மறைத்து எல்லாக் கருவிகளுக்கும் பொதுவாக எழுதினால், தெரிந்த ஒரு மாணவர் வகுப்பு நடுவில் உங்களைத் திருத்துவார். “பாப்கார்ன் நுரையீரல்” கதையும் அப்படித்தான். அந்த நோய் பாப்கார்ன் தொழிற்சாலையில் டயசெட்டில் என்ற சுவையூட்டும் வேதிப்பொருளின் ஆவியை அதிக அளவில் சுவாசித்த தொழிலாளர்களிடம் அறியப்பட்டது. சில சுவைத் திரவங்களில் டயசெட்டில் இருந்தது என்பதுவரை சொல்லலாம். வேப்பிங் செய்தால் அந்த நோய் வரும் என்று தாவக் கூடாது.

“ஒரே இழுப்பில் அடிமையாகிவிடுவாய்” என்பதும் வேண்டாம். ஒரு முறை இழுத்துவிட்டு ஒன்றும் ஆகாத நண்பர் பக்கத்திலேயே நிற்கிறார்.

5. அச்சம் காட்டினால் வழியையும் காட்டுங்கள்

அச்சமூட்டும் செய்தி எப்போது வேலை செய்கிறது என்பதைத் தொடர்பியல் ஆய்வாளர் கிம் விட்டே 1992-இல் ஒரு மாதிரியாக வகுத்தார். இன்றுவரை களத்தில் உதவும் மாதிரி அது. கேட்பவர் மனத்தில் நான்கு எண்ணங்கள் எழ வேண்டும்: இது கடுமையானது; இது எனக்கும் நேரலாம்; சொல்லப்படும் வழி பலன் தரும்; அந்த வழியை என்னால் செய்ய முடியும்.

முதல் இரண்டு மட்டும் எழுந்து பின்னிரண்டு எழாவிட்டால், மனிதர் ஆபத்தைக் கையாளப் பார்ப்பதில்லை. தன் அச்சத்தைக் கையாளப் பார்க்கிறார். கண்ணைத் திருப்பிக்கொள்வார், கேலி செய்வார், “அதெல்லாம் பொய்” என்பார். அழுகிய நுரையீரல் படத்தைக் கண்டு மாணவர்கள் சிரிப்பது திமிரால் அல்ல. அந்தப் படம் அவர்களுக்கு வேறு எதுவும் செய்யக் கொடுக்கவில்லை.

எந்த ஆபத்து என்பதும் முக்கியம். முப்பது ஆண்டு கழித்து வரும் நோய் பதினான்கு வயதில் வேறு யாருக்கோ நடப்பது. இந்த மாதத்தில் நடக்கக்கூடியதைச் சொல்லுங்கள். “அடிமையாகிவிடுவாய்” என்ற சொல்லும் தனியாக நின்றால் வலுவற்றது. அடிமைத்தனம் அன்றாடத்தில் எப்படி இருக்கும் என்று காட்ட வேண்டும். கடைசி மணி அடிக்கும்வரை உட்கார முடியாத எரிச்சல். ஆட்டத்தின் நடுவில் மனம் பையில் இருக்கும் கருவிக்குப் போவது. நண்பர்களை விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு நழுவுவது. 2014-இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் தொடங்கிய ‘தி ரியல் காஸ்ட்’ பிரசாரத்தின் ஒரு விளம்பரம் சிகரெட்டைப் பற்றி இதைத்தான் செய்தது: சிகரெட்டின் உருவகமாக ஒரு குட்டி முரடன் வந்து மாணவரை அதட்டி வெளியே இழுத்துப்போவான். நோயைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டியிருக்கவில்லை. 2018 முதல் அதே பிரசாரம் மின் சிகரெட்டுக்கும் விரிந்தது.

வழி என்பது “வேண்டாம் என்று சொல்” என்ற அறிவுரையாக இருந்தால் போதாது. இரண்டாவது படியில் நீங்கள் சேகரித்த கணத்துக்குப் பொருந்தும் ஒரு வாக்கியத்தைக் கொடுங்கள். “எனக்கு வேண்டாம், நீ பார்” என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றுவது பெரும்பாலான பதின்வயதினரால் முடிந்த காரியம். நண்பருக்கு அறிவுரை சொல்லச் சொன்னால் அதைச் செய்ய மாட்டார்கள்; நட்பை இழக்கும் பயம் நிக்கோட்டினைப் பற்றிய பயத்தைவிடப் பெரிது.

6. கட்டளையிடாதீர்கள், முடிவை அவர்களிடம் விடுங்கள்

ஒருவரின் சுதந்திரத்தைப் பறிப்பதுபோல் பேசினால், பறிக்கப்படுவதன் மீதே ஆசை கூடுகிறது. உளவியலாளர் ஜாக் பிரெம் 1966-இல் விளக்கிய இந்த எதிர்வினை பதின்வயதில் உச்சத்தில் இருக்கும். “தொடாதே”, “ஒருபோதும் கூடாது” போன்ற சொற்கள் அதைத் தட்டி எழுப்புகின்றன.

இதற்கு ஒரு நல்ல சான்று இருக்கிறது. பிலிப் மோரிஸ் நிறுவனம் 1998-இல் “யோசி. புகைக்காதே” என்ற பொருளில் இளையோருக்கு விளம்பரங்களை வெளியிட்டது. 2000-இல் அமெரிக்கப் புகையிலை எதிர்ப்பு அமைப்பு ஒன்றின் ‘ட்ரூத்’ பிரசாரம் வேறு வழியில் போனது: புகைக்காதே என்று அது சொல்லவில்லை, புகையிலை நிறுவனங்கள் செய்ததையும் மறைத்ததையும் காட்டிவிட்டு விலகிக்கொண்டது. 2002-இல் வெளியான ஆய்வின்படி, ட்ரூத் விளம்பரங்களைப் பார்த்தவர்களிடம் புகையிலைக்கு எதிரான மனப்பான்மை கூடியிருந்தது. நிறுவனத்தின் விளம்பரங்களைப் பார்த்தவர்களோ புகைப்பதற்குப் பார்க்காதவர்களைவிட அதிகம் இடம் கொடுப்பவர்களாக இருந்தார்கள். இளையோரைக் காப்பாற்றுவதாகச் சொல்லிக்கொண்டு ஒரு புகையிலை நிறுவனம் கொடுத்த வாசகம் அது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வேப்பிங்கிலும் அந்த வழி திறந்திருக்கிறது. மார்ல்பரோ சிகரெட்டை அமெரிக்காவில் விற்கும் அல்ட்ரியா நிறுவனம் 2018-இல் ஜூல் நிறுவனத்தின் 35 விழுக்காட்டுப் பங்கை 1,280 கோடி டாலருக்கு வாங்கியது. இளையோரைக் குறிவைத்து விற்றதாக எழுந்த விசாரணையை முடிக்க, ஜூல் 2022-இல் முப்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களுக்கு ஏறத்தாழ 43.85 கோடி டாலர் தர ஒப்புக்கொண்டது. இந்த இரண்டு தகவல்களையும் அறிவுரை எதுவும் சேர்க்காமல் ஒரு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாசிப்பவர் கோபத்தைத் தானே கண்டுபிடித்துக்கொள்வார்.

நம் உதாரணத்துக்கு இப்போது ஒரு வரைவு எழுதலாம். “வேப்பிங் உன்னை அடிமையாக்கும், இன்றே தவிர்த்துவிடு” என்பது வழக்கமான வடிவம். அதற்குப் பதில்: “இடைவேளை எப்போது வேண்டும் என்று முன்பு நான் முடிவு செய்தேன். இப்போது அது முடிவு செய்கிறது.” கட்டளை இல்லை. இழப்பு இருக்கிறது. கட்டுப்பாடு என் கையில் என்ற நம்பிக்கையை நேராகத் தொடுகிறது.

7. “எல்லோரும் செய்கிறார்கள்” என்று நீங்களே சொல்லிவிடாதீர்கள்

“இளைஞர்களிடையே கொள்ளைநோய்போல் பரவுகிறது” என்ற வரியை நிதி கேட்கும் விண்ணப்பத்தில் எழுதலாம். இளையோர் பார்க்கும் சுவரொட்டியில் எழுதினால், “உன் வயதினர் எல்லோரும் செய்கிறார்கள், நீ மட்டும் பாக்கி” என்றுதான் அது வாசிக்கப்படும்.

அமெரிக்க அரசு 1998 முதல் 2004 வரை ஏறத்தாழ நூறு கோடி டாலர் செலவில் போதைப்பொருள் தடுப்பு விளம்பரங்களை ஒளிபரப்பியது. மதிப்பீட்டில் கஞ்சாப் பயன்பாடு குறைந்ததற்கான சான்று கிடைக்கவில்லை. சில அளவீடுகளில் எதிர்விளைவே தெரிந்தது. ஆய்வாளர்கள் முன்வைத்த விளக்கங்களில் ஒன்று, அத்தனை விளம்பரங்களைப் பார்த்த இளையோர் “இது இவ்வளவு பேர் செய்யும் காரியமா” என்று நினைத்திருக்கலாம் என்பது.

பெரும்பான்மை உங்கள் பக்கம் இருக்கும்போது அதைச் சொல்லுங்கள். 2024-இல் அமெரிக்க நடுநிலை, உயர்நிலைப் பள்ளி மாணவர்களில் கடந்த 30 நாள்களில் மின் சிகரெட் பயன்படுத்தியவர்கள் 5.9 விழுக்காடு, அதாவது நூற்றில் தொண்ணூற்று நான்கு பேர் அந்த நாள்களில் தொடவில்லை. ஆனால் வேறு நாட்டு எண்ணை ஒட்டிக்கொள்ளாதீர்கள். உங்கள் குழுவிலேயே பெயரில்லா வினாத்தாள் ஒன்றைக் கொடுத்து எண்ணெடுங்கள். எண் சாதகமாக இல்லையென்றால் இந்த வழியை விட்டுவிடுங்கள். பொய்யான பெரும்பான்மையைக் கண்டுபிடிக்க வகுப்பைச் சுற்றி ஒரு பார்வை போதும்.

8. படமும் குரலும்

கருவியைக் காட்டாதீர்கள். புகை வளையம், பளபளப்பான வண்ணம், சுவைகளின் பெயர் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே பயன்படுத்துபவருக்கு அவை ஆசையைத் தூண்டும், பயன்படுத்தாதவருக்கு அறிமுகமாகிவிடும். தடுப்புச் சுவரொட்டிகள் பல, குறுக்குக் கோட்டை மட்டும் அழித்தால் விற்பனை விளம்பரமாகவே நிற்கும்.

பேசுபவர் இலக்கு வயதைவிட ஒன்றிரண்டு ஆண்டு மூத்தவராக இருப்பது நல்லது. மருத்துவ உண்மையை மருத்துவர் சொல்லட்டும். அனுபவத்தை வயதொத்தவர் சொல்லட்டும். பெரியவர்கள் இளையோரின் பேச்சுவழக்கைப் போலிசெய்து எழுதுவதைப் போல் கூச்சம் தருவது வேறில்லை.

9. வெளியிடும் முன் சோதியுங்கள்

ஒரே நம்பிக்கையைத் தொடும் மூன்று வேறு வரைவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் காட்டினால் மரியாதைக்காக நன்றாக இருக்கிறது என்பார்கள். மூன்றைக் காட்டினால் ஒப்பிட வேண்டியிருக்கும், உண்மை வெளிவரும். வரைவுகள் மெருகேறாமல் இருப்பதே நல்லது. அழகாக முடிக்கப்பட்டதைக் குறைசொல்லத் தயங்குவார்கள்.

தனித்தனியாகக் காட்டுங்கள். குழுவில் காட்டினால் முதலில் பேசுபவரின் கருத்தே எல்லோருடைய கருத்தாகிவிடும். ஐந்தாறு நொடி காட்டி, எடுத்துவிட்டு, கேளுங்கள்:

- இதில் என்ன சொல்லியிருந்தது? உன் சொற்களில் சொல்.
- இது யாருக்காக எழுதப்பட்டது என்று நினைக்கிறாய்?
- இதைப் பார்த்துவிட்டு உன் நண்பர் என்ன சொல்லிச் சிரிப்பார்?
- எந்த இடத்தில் நம்ப முடியவில்லை?
- இது உனக்கு வேப்பிங் செய்யும் ஆசையைக் குறைக்கிறதா, கூட்டுகிறதா, மாற்றம் இல்லையா?

“பிடித்திருக்கிறதா?” என்று கேட்காதீர்கள். பிடிப்பதற்கும் மனம் மாறுவதற்கும் தொடர்பு குறைவு. இரண்டாவது கேள்விக்கு “ரொம்ப மோசமான பிள்ளைகளுக்கு” என்று பதில் வந்தால் செய்தி இலக்கைத் தவறவிட்டது. அவர் தன்னை அதில் பார்க்கவில்லை. மூன்றாவது கேள்வி விலைமதிப்பற்றது. கேலி எங்கிருந்து வரும் என்று அவர்களே சொல்லிவிடுவார்கள். அச்சிட்ட பிறகு கேட்பதைவிட இப்போது கேட்பது நல்லது.

முடிந்தால் இன்னொரு சிறு சோதனையும் செய்யுங்கள். குலுக்கல் முறையில் பாதிப்பேருக்கு உங்கள் செய்தி, மீதிப்பேருக்குத் தொடர்பில்லாத வேறொரு செய்தி. பிறகு இரு பக்கத்தாருக்கும் முதல் படியில் கேட்ட ஊசலாட்டக் கேள்விகள். உங்கள் செய்தியைப் பார்த்த பக்கத்தில் ஊசலாட்டம் கூடியிருந்தால், எவ்வளவு அழகான வாசகமாக இருந்தாலும் அதைக் குப்பையில் போடுங்கள். சிறு எண்ணிக்கையில் நிச்சயமான முடிவு கிடைக்காது. ஆனால் அபாய அறிகுறி தெரியும்.

பயன்படுத்துகிறவர்கள் இரண்டு மூன்று பேரிடமும் காட்டிப் பாருங்கள். அவர்கள் உங்கள் இலக்கு இல்லை. ஆனாலும் சுவரொட்டி அவர்கள் கண்ணிலும் படும். அது அவமானப்படுத்துகிறதா என்பதை அவர்களால்தான் சொல்ல முடியும்.

10. உதவியை முதலில் தயார்செய்து, பிறகு பரப்புங்கள்

செய்தி வெளியான சில நாள்களில் யாராவது ஒருவர் “என்னால் விட முடியவில்லை” என்று வருவார். அவரை வரவேற்க ஆள் இல்லாவிட்டால் பிரசாரம் பேச்சாகவே நின்றுவிடும். தண்டனைக்கு அனுப்பினால் அதைவிட மோசம்: அடுத்தவர் வர மாட்டார். பிடிபட்டால் இடைநீக்கம் என்ற விதி உள்ள நிறுவனத்தில், தானாக உதவி கேட்டு வருபவருக்கு விலக்கு உண்டு என்று எழுத்தில் வாங்குங்கள். அது கிடைக்கும்வரை அச்சுக்குக் கொடுக்காதீர்கள்.

உதவி பெரிதாக இருக்க வேண்டும் என்பதில்லை. ட்ரூத் அமைப்பு அமெரிக்காவில் நடத்தும் குறுஞ்செய்தித் திட்டம் ஒன்று 13 முதல் 17 வயதினரிடம் சோதிக்கப்பட்டு 2024-இல் முடிவுகள் வெளியாயின. ஏழு மாதத்துக்குப் பின், உதவிக் குறுஞ்செய்தி பெற்றவர்களில் 37.8 விழுக்காட்டினர் வேப்பிங் இல்லாமல் இருந்தார்கள். மற்றக் குழுவில் 28 விழுக்காடு. கைப்பேசியில் தனியாக, பெயர் தெரியாமல், தொடர்ந்து வந்த சிறு செய்திகள், அவ்வளவுதான். சுவரொட்டியில் உதவி எண் போடுவதற்கு முன் அந்த எண்ணை நீங்களே அழைத்துப் பாருங்கள். எந்த நேரத்தில் எடுக்கிறார்கள், பதின்வயதினரிடம் எப்படிப் பேசுகிறார்கள் என்று கேட்டுவிட்டு எண்ணை அச்சிடுங்கள்.

பரப்புவதில் ஒரு விதி போதும்: அதே கருத்து, பல வடிவம், பல முறை. ஒரு நாள் விழா, ஒரு பேரணி, ஓர் உறுதிமொழி என்று முடித்துவிட்டால், நண்பர் நீட்டும் கணத்தில் எதுவும் நினைவுக்கு வராது. அந்தக் கணம் நடக்கும் இடத்துக்கு அருகில் செய்தி இருக்கட்டும். எங்கே என்பது இரண்டாவது படியின் குறிப்புகளில் இருக்கிறது. கழிப்பறைக் கதவின் உட்புறமாகக்கூட இருக்கலாம்.

11. சரியானதை அளவிடுங்கள்

எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் விருப்பக்குறி இட்டார்கள் என்பவை செய்தி போய்ச் சேர்ந்ததை மட்டும் காட்டும். வெளியிடும் முன்பே இரண்டு எண்களை எடுத்து வையுங்கள்: நீங்கள் தேர்ந்தெடுத்த நம்பிக்கையைக் கொண்டவர்கள் எத்தனை விழுக்காடு, ஊசலாட்டக் கேள்விகளில் சிக்குபவர்கள் எத்தனை விழுக்காடு. இரண்டு மூன்று மாதம் கழித்து அதே கேள்விகளை அதே சொற்களில் மறுபடி கேளுங்கள். சொல்லை மாற்றினால் ஒப்பிட முடியாது. செய்தி போகாத வேறொரு வகுப்பிலோ நிறுவனத்திலோ இரு முறையும் இதே எண்களை எடுக்க முடிந்தால், மாற்றம் உங்களால் வந்ததா என்பது ஓரளவு தெளிவாகும்.

நம்பிக்கை மாறவில்லை என்றால், செய்தியை நினைவில் வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். நினைவிலேயே இல்லை என்றால் சிக்கல் பரப்பலில். பத்தாவது படிக்குத் திரும்புங்கள். நினைவிருந்தும் நம்பவில்லை என்றால் வரைவிலும் சோதனையிலும் குறை. நம்பிக்கை மாறியும் ஊசலாட்டம் குறையவில்லை என்றால், மாற்றியது தவறான நம்பிக்கை. மூன்றாவது படியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.